சோடா பிரெட்: எந்த பாக்கெட்டை எடுப்பது?

கேள்வி: டப்ளினுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த சோடா பிரெட் பிடித்துப்போய், செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மாவு, பிரெட் சோடா, உப்பு, பட்டர்மில்க், அவ்வளவுதான் என்றார். முதல் தடவை ‘ஸ்ட்ராங் ஒயிட்’ மாவும் பேக்கிங் பவுடரும் போட்டு நன்றாகப் பிசைந்தேன். செங்கல்லாக வந்தது. அடுத்த தடவை பிரெட் சோடாவே வாங்கி ஒரு மேசைக்கரண்டி போட்டேன், பட்டர்மில்க் இல்லாததால் பால் ஊற்றினேன். உள்ளே மஞ்சள், வாயில் சோப்பு. எங்கே தப்பு?

பதில்: பாதித் தப்பு கடையிலேயே நடந்துவிட்டது. ‘ஸ்ட்ராங்’ என்று போட்டிருந்தால் உசத்தியான மாவு என்று நினைத்து நம்மில் பலர் எடுத்துவிடுகிறோம். அது ஈஸ்ட் ரொட்டிக்கான மாவு. புரதம் அதிகம், பிசையப் பிசைய ரப்பர் போல இழுக்கும். ஈஸ்ட் மணிக்கணக்கில் மெல்ல ஊதுவதற்கு அந்த இழுவை வேண்டும், சோடாவுக்கு வேண்டாம். அயர்லாந்தின் ஈரமான, குளிர்ந்த வானிலையில் விளையும் கோதுமை பெரும்பாலும் மென்மையானது, புரதம் குறைந்தது. 1830களில் சோடா புழக்கத்துக்கு வந்ததும் இந்த ஊர் அடுப்படிகள் அதை இறுகப் பிடித்துக்கொண்டதற்கு இந்த மாவும் ஒரு காரணம்.

ஆகவே ‘பிளெயின்’ அல்லது ‘கிரீம் பிளவர்’ என்று எழுதிய பாக்கெட்டை எடுங்கள். சந்தேகம் வந்தால் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். 10ஐ ஒட்டி இருந்தால் சரி, 12க்கு மேல் போனால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். ‘செல்ஃப் ரெய்சிங்’ மாவும் வேண்டாம், அதில் உப்பவைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்திருக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் அதை எடுத்துவந்து, மேலே சோடாவும் போட்டு, ரொட்டி நடுவில் பள்ளம் விழுந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பழுப்பு ரொட்டி வேண்டுமானால் ‘கோர்ஸ் ஹோல்மீல்’ என்ற கொரகொரப்பான முழுக்கோதுமை மாவை வாங்கிப் பாதிக்குப் பாதி கலக்கலாம். கார்க் மாவட்டத்து மக்ரூம் ஊரில் கல் இயந்திரத்தில் அரைக்கும் மாவு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஹோல்மீலைச் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். முளைப்பகுதியின் எண்ணெய் அதில் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

அடுத்தது சோடா. இந்த ஊரில் பிரெட் சோடா என்பது நம் வீட்டு ஆப்ப சோடாதான். சில பாக்கெட்டுகளில் ‘பைகார்பனேட் ஆஃப் சோடா’ என்றிருக்கும், அதுவும் இதுவே. பேக்கிங் பவுடர் வேறு. அதில் சோடாவோடு அமிலமும் கலந்தே வரும். பிரெட் சோடாவுக்கு அந்த அமிலத்தை நாம்தான் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் பட்டர்மில்க். அதிலுள்ள லாக்டிக் அமிலம் சோடாவைத் தொட்டதும் கரியமில வாயு கிளம்பும். நீங்கள் ஊற்றிய பாலில் புளிப்பில்லை, சோடாவோ தேவைக்கு மூன்று மடங்கு. வேலை இல்லாமல் மிஞ்சிய சோடாதான் மஞ்சளாகவும் சோப்பாகவும் வந்தது.

450 கிராம் மாவுக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சோடா போதும். கட்டி இல்லாமல் சலித்துப் போடுங்கள். உப்பு ஒரு தேக்கரண்டி, பட்டர்மில்க் 350 முதல் 400 மில்லி வரை. சப்பாத்தி மாவைப் பிசையும் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். விரல்களை விரித்துக்கொண்டு நாலு சுற்று, மாவு சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், கொஞ்சம் ஒட்டினால் பரவாயில்லை. வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவை கீறி, உடனே ஓவனுக்குள் தள்ளுங்கள். நேரம் கடத்தினால் வாயு போய்விடும். 230 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், பிறகு 200க்குக் குறைத்து அரை மணி. மின்விசிறி ஓவன் என்றால் 20 டிகிரி குறையுங்கள். அடியில் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் வர வேண்டும். அந்தக் கீறல் உள்ளிருக்கும் தேவதைகள் வெளியேற வழி என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். நடுப்பகுதி வேகவும் அது உதவுகிறது.

கேள்வி: பட்டர்மில்க்கை வாங்கத்தான் வேண்டுமா? நம் மோர் ஆகாதா?

பதில்: ஆகும், புளித்திருந்தால். வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சுவதுதான் பழைய பட்டர்மில்க், நம் மோரின் உறவுதான். கடையில் விற்பது பெரும்பாலும் கொழுப்பு குறைந்த பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்தது. நீர்மோர் அளவுக்கு நீர்த்தால் புளிப்பு போதாது. புளித்த தயிர் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு சரியாக வரும். பெருங்காயம், இஞ்சி போட்ட பாக்கெட் மோரைத் தொடாதீர்கள். தயிரும் இல்லையென்றால் 400 மில்லி பாலில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். கடைப் பட்டர்மில்க் மிஞ்சினால் அளந்து ஃப்ரீசரில் போடலாம்.

கேள்வி: ‘டிரெடிஷனல் சோடா பிரெட்’ என்று கடையில் வாங்கினேன். திராட்சையோடு கேக் மாதிரி இனித்தது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: திராட்சை போட்டதும் இங்கே உண்டு, ‘ஸ்பாட்டட் டாக்’ என்பார்கள். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, சீரகம் போலத் தோன்றும் கேரவே விதை எல்லாம் சேர்வது அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர்கள் வழி வந்த ரகம். பெயரைப் பார்க்காதீர்கள், பொருள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. மாவு, பட்டர்மில்க்குக்கு அடுத்தபடியே சர்க்கரை நின்றால், நீங்கள் வாங்கியது கேக்தான்.

இந்த ஊர்ச் சட்டமும் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறது. 2020 செப்டம்பரில் ஐரிஷ் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கில், சப்வே என்ற சாண்ட்விச் கடையின் கிளைகளை நடத்திய ஒரு நிறுவனம் வரிச்சலுகை கேட்டது. 1972ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டப்படி, ரொட்டி என்ற சலுகை கிடைக்க மாவின் எடையில் சர்க்கரை 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, உலர்பழம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அவர்கள் ரொட்டியிலோ சர்க்கரை 10 சதவீதம். இது அந்தச் சட்டம் சொல்லும் ரொட்டி அல்ல என்று தீர்ப்பானது. வரிக்கணக்குக்காக எழுதியதுதான், ஆனாலும் கடையில் நிற்கும்போது நினைத்துக்கொள்ள நல்ல அளவுகோல்.

கேள்வி: தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்று மிக்ஸ் பாக்கெட் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: விடுதி அறையில் இருப்பவர் வாங்கலாம். வீட்டில் மாவு இருந்தால் வேண்டாம். அலமாரி விளிம்பில் கிலோவுக்கு என்ன விலை என்று சிறிய எழுத்தில் இருக்கும், மிக்ஸையும் வெறும் மாவையும் அந்தக் கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழம்பொருள் கடையில் மூன்று கால் வைத்த இரும்புப் பானை பார்த்தேன். அதில்தான் சோடா பிரெட் சுடுவார்களாம். வாங்கட்டுமா?

பதில்: அதன் பெயர் பாஸ்டிபிள். ஓவன் இல்லாத வீடுகளில் அதை நெருப்பில் வைத்து, மூடி மேலும் கரித்தணலை அள்ளிப் போட்டுச் சுடுவார்கள். மேலும் கீழும் சூடு. வடக்கே அல்ஸ்டரில் அதுவும் இல்லாமல், வட்டத்தை நாலாக வெட்டிக் கல்லில் போட்டெடுப்பார்கள், ‘ஃபார்ல்’ என்று பெயர். அதற்கு நம் கனமான தோசைக்கல்லே தாராளம். உங்கள் ஓவனுக்கு ஒரு சாதாரண தட்டு போதும். பானை மேல் ஆசை விடவில்லை என்றால், வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா, மூடி சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். உள்ளே பெயிண்ட் அடித்திருந்தால் அதில் செடிதான் வைக்கலாம்.