சென்டம் வாங்கிய வாய் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டும் விடுதிப் பள்ளியில். 2011-ல் 1200-க்கு 1142, கணக்கில் சென்டம். இப்போது ஐ.டி. வேலை. சொன்ன வேலையை முடித்துவிடுவேன். ஆனால் மீட்டிங்கில் ‘நீ என்ன நினைக்கிறே?’ என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் டீம் லீட் ஆகிவிட்டார்கள். என்னை இப்படி ஆக்கியது பள்ளிதானா? அண்ணன் தன் மகனையும் அங்கேயே சேர்க்கலாமா என்று கேட்கிறார்.
– வாசகர், கோவை

பதில்: தம்பி, பாதிப் பழியைத் தாராளமாகப் பள்ளி மேல் போடுங்கள். மீதிக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றை ஊகிக்கிறேன். ப்ளஸ் ஒன் புத்தகத்தை உங்கள் பள்ளியில் பிரித்தே இருக்க மாட்டார்கள். பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2007-லேயே ரத்து செய்தாயிற்று. ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்ததோ 2018 மார்ச்சில்தான். நடுவில் படித்த உங்களுக்கு, ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று போடும் பொறியியல் கட்-ஆஃப் ஒன்றுதான் குறி. அதனால் பல பள்ளிகள் ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் அரைத்தன.

என் உறவுக்காரப் பையன் ஒருவனும் அப்படித்தான் சென்டம் வாங்கினான். வகையிடலின் அரிச்சுவடி இருந்தது ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில். கல்லூரியில், ‘இதெல்லாம் படிச்சிருப்பீங்க’ என்று பேராசிரியர் தாண்டிப் போக, இவன் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். அதை அடுத்த வருடம் எழுதித் தீர்த்துவிட்டான். ‘புரியலை சார்’ என்று சொல்ல மட்டும் நான்கு வருடமும் வாய் வரவில்லை. பள்ளியில் சந்தேகம் கேட்டால், ‘அது பரீட்சைக்கு வராது, உட்கார்’ என்றே பதில் வந்ததாம்.

மதிப்பெண்ணை முதல் வேலைக்கு அப்புறம் யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம்தான் கூடவே வருகிறது. புக் பேக் கேள்விக்கு விடை முன்கூட்டியே தயாராக இருக்கும். மீட்டிங் கேள்விக்கு விடைக்குறிப்பு ஏது? அதே சமயம், சொன்ன வேலையை முடிக்கும் குணத்துக்கும் அந்த விடுதியின் அஞ்சு மணி மணியோசைக்குப் பங்குண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

சரி, மீதிப் பாதி. பள்ளியை விட்டு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வாயைத் திறக்காத வரை தப்பும் வராது என்பது உங்களுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்த வசதியை அனுபவித்தவள்தான்.

அடுத்த மீட்டிங்குக்கு முந்தைய நாள் ஒரே ஒரு சந்தேகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். கருத்தெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குச் சந்தேகம் போதும். முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். தாமதித்தால் தைரியம் போய்விடும். சீட்டைப் பார்த்தே படித்தாலும் தப்பில்லை. இங்கிலீஷ் தடுக்கினால் பாதி தமிழில் கேளுங்கள். அப்புறம், புதிதாகச் சேருகிறவருக்கு வேலை சொல்லித்தரும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடும்போது உங்கள் வாயும் பழகும்.

அண்ணனிடம், பள்ளியின் ரிசல்ட் ஃப்ளெக்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜூலை மாதம் ஒரு நாள் போய், ப்ளஸ் ஒன் வகுப்பில் எந்தப் புத்தகம் நடக்கிறது என்று விசாரிக்கட்டும். லேப் பூட்டிக் கிடக்கிறதா என்றும் எட்டிப் பார்க்கட்டும். பையன் என்ன சொல்கிறான்? கடிதத்தில் அவன் பேச்சே காணோமே.