வெள்ளிக்கிழமை மேசையில் கிராஃபிஷ்

கேள்வி: அமெரிக்காவின் லூசியானாவில் வாழும் கேஜன் மக்கள் பக்தி மிக்க கத்தோலிக்கர்கள் என்கிறார்கள். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் இறால் போன்ற கிராஃபிஷை மேசை நிறையக் கொட்டி, கையில் பீரோடு சுற்றி நின்று சாப்பிடும் காணொளிகளைப் பார்த்தேன். இறைச்சியை விட்டுவிட்டு இப்படி விருந்து சாப்பிடுவது நோன்பா, ஏமாற்று வேலையா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஏமாற்று வேலை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். அந்த வெள்ளிக்கிழமைகளின் சுத்தபோசனம் என்றால் ஆடு, மாடு, கோழி, பன்றி போன்றவற்றின் இறைச்சியை விலக்குவது. மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் தடை கிடையாது, தூத்துக்குடியிலும் கிடையாது. முதலைக் கறி சாப்பிடலாமா என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, அதுவும் மீன் வகையில்தான் சேரும் என்று 2010இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கடிதம் மூலமே பதில் சொன்னார். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் முழுச் சாப்பாடு ஒரு வேளைதான்.

கிராஃபிஷ், சிங்கி இறாலைச் சிறிதாக்கியது போலிருக்கும் நன்னீர்ப் பிராணி. தவக்காலத்துக்கென்று யாரும் அதைத் தேடிப்போகவில்லை. அதன் பருவமே அப்போதுதான். தென்மேற்கு லூசியானாவில் நெல் அறுவடை முடிந்த வயலில் மறுபடி தண்ணீர் கட்டிவிடுவார்கள். அறுத்த தாளில் துளிர்ப்பதையும் மட்குவதையும் நம்பி அது வளரும். குளிர்காலத்தில் தொடங்கி மே, ஜூன் வரை பிடிப்பு. படகை ஒருவர் கூண்டு வரிசை ஓரமாக மெல்ல ஓட்டிப்போவார். ஒரு கூண்டைத் தூக்கி, பிடிபட்டதைத் தட்டில் கொட்டி, புது இரை போட்டு, தண்ணீரில் திரும்ப நட்டுவிடுவார். அதற்குள் அடுத்த கூண்டு வந்துவிடும். படகு நிற்பதே இல்லை. ஜனவரிக் குளிரில், நனைந்த கையுறையோடு, நூற்றுக்கணக்கான கூண்டுகள். நீங்கள் பார்த்த மேசைக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

குடும்பக் கதையையும் கேளுங்கள். அந்தப் பக்கத்து ஆண்கள் பலருக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலை. 14 நாள் கடலில், 14 நாள் வீட்டில் என்று முறை வைத்து ஓடுகிற வாழ்க்கை அது. அப்பா கரையில் இருக்கிற வாரத்தில் வெள்ளிக்கிழமை வந்தால் பாட்டி, பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் கூடிவிடுவார்கள். உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரே அண்டாவில் அவித்து, செய்தித்தாள் விரித்த மேசையில் அப்படியே கொட்டுவார்கள். வாலைத் திருகி உரிக்கத் தெரியாத குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கிற யாராவது உரித்துக் கொடுப்பார்கள்.

இந்த ஒன்றுகூடலுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அவர்களின் முன்னோரான அகேடியர்களை 1755இல் தொடங்கி பிரிட்டிஷ்காரர்கள் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து நாடு கடத்தினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பல குடும்பங்கள் வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்டுப் பிரிந்தன. பிறகு லூசியானா வந்து சேர்ந்தவர்களின் வம்சத்துப் பிள்ளைகளை, 1921இல் அந்த மாநிலம் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் செய்த பிறகு, பிரெஞ்சு பேசியதற்காகப் பள்ளியில் தண்டித்தார்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சியவற்றில் முக்கியமானவை ஜெபமும் சேர்ந்து சாப்பிடுவதும்தான்.

பெரிய வெள்ளியன்று கேட்டஹூலா என்ற சிற்றூரிலிருந்து செயின்ட் மார்ட்டின்வில் வரை, மைல் கணக்கில், சாலையோர ஓக் மரங்களில் வைத்த, இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகளில் நின்று ஜெபித்தபடி நடந்து போகிறவர்களும் இதே மக்கள்தான். அன்றைக்கு மண்ணைத் தோண்டினால் ரத்தம் வரும் என்று சொல்லித் தோட்ட வேலையைத் தொடாத வீடுகள் அங்கே இருந்தன. காணொளியில் இதெல்லாம் அதிகம் வராது.

அப்புறம், உங்கள் கேள்வியில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு காலத்தில் கிராஃபிஷ் ஏழைகளின் சாப்பாடு. 2023இன் கடும் வறட்சிக்குப் பிறகு, 2024 தொடக்கத்தில் அதன் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த விலையிலும் வாங்கித்தான் வெள்ளிக்கிழமையைக் கழிப்பேன் என்றால் அதில் ஒறுத்தல் எங்கே?

ஆனால் என்னைக் கேட்டால், பீரை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உரித்துப் பொட்டலம் கட்டி விற்கிற கிராஃபிஷ் சதையை உரிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் வருகிற பெண்கள். ஒரு கிலோ சதைக்கு ஆறேழு கிலோ கிராஃபிஷை ஒவ்வொன்றாகக் கையால் உரிக்க வேண்டும். அந்த விசா ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவது. பிடிக்கவில்லை என்று சுலபமாக அடுத்த ஆலைக்குப் போய்விட முடியாது. அவர்களில் பலரும் கத்தோலிக்கர்கள், அவர்களுக்கும் அதே தவக்காலம், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்று கேஜன் பங்குக் கோயில்களில் கேட்கட்டும். நீங்களும் அதைக் கேளுங்கள்.