டொராண்டோ தோட்டத்துல வெண்டை ஏன் நாராகுது?

தம்பி, வியாசர்பாடி மொட்டை மாடியில அம்மா தொட்டியில போட்ட அதே வெண்டை, கத்தரி, தக்காளி, சுரையை டொராண்டோ வீட்டுப் பின்பக்கம் போட்டிருக்கீங்க. செடி தளதளன்னு இருந்தும் வெண்டை நாராகுது, காய்ப்பும் குறையுதுன்னு கேட்டிருக்கீங்க. செடியில கோளாறு இல்ல. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பறிக்கிறீங்கல்ல, அதுதான் கோளாறு.

வெயில் நல்லா அடிக்கிற ஜூலையில, பூ விரிஞ்ச நாலஞ்சு நாள்ல வெண்டை பறிக்கிற பதத்துக்கு வந்துடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்க. மூணு, நாலு அங்குலம் போதும். வண்ணாரப்பேட்டை மார்க்கெட்ல கடைக்காரர் திட்டத் திட்ட நுனியை ஒடிச்சுப் பாப்போமே, அதே சோதனைதான்: பட்டுன்னு ஒடியணும், வளைஞ்சா முத்தல். முத்தினது குழம்புக்கு ஆகாதுன்னு செடியிலயே விட்டுடாதீங்க, அதையும் வெட்டிப் போட்டுடணும். விதை முத்த ஆரம்பிச்சா செடி அதுக்கே சத்தைக் கொடுத்துட்டு, புதுப் பூவைக் குறைச்சுக்கும். பறிக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கங்க, சுணை அரிக்கும்.

கத்தரியைக் கையால இழுத்தா கிளையோட வந்துடும். காம்பு ஒரு அங்குலம் விட்டுக் கத்தரிக்கோல்ல வெட்டுங்க. தோல் பளபளன்னு இருக்கும்போதே பறிக்கணும். பளபளப்பு மங்கிட்டா உள்ள விதை பழுப்பாகி கசப்பு ஏறிடும்.

சுரை மேல பூனைமயிர் இருக்கணும், நகம் சுலபமா இறங்கணும். அறுத்ததும் ஒரு துண்டைப் பச்சையா நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு முழுக்காயையும் குப்பையில போடுங்க. குக்கர்பிட்டசின்கிற நஞ்சு அது, வேக வச்சாலும் போகாது. சீமைச் சுரைக்காய்னு சொல்ற சுக்கினிக்கும் இதே விதிதான்.

தக்காளி செடியிலயே முழுசா சிவக்கணும்னு காத்திருக்க வேண்டாம். அடிப்பக்கம் லேசா ரோஸ் தட்டினதும் பறிச்சு, சமையலறையில வெயில் படாம வையுங்க, ருசி குறையாது. காத்திருந்தா அணிலுக்குத்தான் போகும். மழை அடிச்சா வெடிக்கும். ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, பழுக்கிறது நின்னு மாவு மாதிரி ஆயிடும். அடிப்பாகம் கருத்து அழுகினா அது பூச்சி இல்ல. ஒருநாள் வெள்ளமா, நாலு நாள் காய விட்டுத் தண்ணி ஊத்தினா செடியால சுண்ணாம்புச் சத்தைக் காய் வரைக்கும் கொண்டுபோக முடியாது. அதனாலதான் அந்தக் கருப்பு.

எதைப் பறிச்சாலும் காலையில இலை ஈரம் காஞ்ச பிறகு பறியுங்க. ஈர இலையைத் தொட்டுக்கிட்டே போனா நோய் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு ஒட்டிக்கும், முக்கியமா பீன்ஸ்ல.

நம்ம ஊர்ல கத்தரிச் செடியோட கிளையை வெட்டிக் கவாத்து பண்ணி விட்டா மறுபடி துளிர்க்கும். அங்க அந்தக் கதை நடக்காது. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ இறங்க ஆரம்பிச்சதுமே வெண்டையும் கத்தரியும் படுத்துடும். செப்டம்பர் கடைசியிலிருந்து தினமும் வானிலை பாருங்க. உறைபனி வருதுன்னு சொன்ன அன்னிக்குச் சாயந்திரமே காய் பிஞ்சு எல்லாத்தையும் பறிச்சிடுங்க. ஓரளவு பருத்த பச்சைத் தக்காளியை நியூஸ்பேப்பர்ல ஒண்ணொண்ணா சுத்தி அட்டைப் பெட்டியில அடுக்கி, பேஸ்மென்ட்ல வச்சா சில வாரத்துல பழுக்கும். வாரம் ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்து அழுகினதை எடுத்துடணும். சின்னப் பச்சைக் காய் பழுக்காது, அதை அன்னிக்கே துவையல் அரைச்சிடுங்க.