கண்ணில் பிரஷர், வயலில் காய்ச்சல்: கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இப்போது ஒன்றும் தெரியவில்லை டாக்டர், மருந்தை நிறுத்தலாமா?" ஒரே ஒருவருக்குத்தான் நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறேன். மாட்டுக் கேள்விக்குப் பதில் என் மைத்துனருடையது. அவர் கால்நடை டாக்டர்.

அப்பாவுக்கு 64 வயது. கிளாக்கோமா என்று டிமோலால் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதமாகப் போட்டும் பார்வை கொஞ்சமும் கூடவில்லை. விலையோ ஏறிக்கொண்டே போகிறது. நிறுத்திவிடவா? (மோல்மேன்)

வேண்டாம் தங்கச்சி. கிளாக்கோமா என்றால் பெரும்பாலும் கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு சாவது. செத்த நரம்பு மறுபடி முளைக்காது. இருக்கிற பார்வையைக் காப்பதுதான் சொட்டு மருந்தின் வேலை, போனதைக் கொண்டுவருவது அல்ல. இதை முதல் நாளே உங்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பிரிட்டனில் 516 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லட்டனோபிராஸ்ட் என்ற கிளாக்கோமா சொட்டு மருந்து, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் சொட்டு என்று கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2015இல் வந்தது. இரண்டு வருஷத்தில், வெறும் சொட்டு போட்டவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குப் பார்வைப் பரப்பு சுருங்கியிருந்தது. மருந்து போட்டவர்களில் 15 பேருக்குத்தான்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவுக்கு இழுப்பு உண்டா? டிமோலால் கண்ணிலிருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து, ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை இறுக்கிவிடும். இழுப்பு இருந்தால் உடனே கண் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டாலும், சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். விலைக்கும் ஒரு வழி இருக்கிறது. திறந்த கோண வகை (கண்ணின் வடிகால் மூடாமல் திறந்தே இருக்கும் வகை) என்றால் லேசர் செய்யலாமா என்று கேளுங்கள். 2019இல் வெளிவந்த ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு மூன்று வருஷம் கழித்தும் சொட்டு தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு நேற்று சாயங்காலம் ஒரு கண் சிவந்து, தலை பிளக்கிற வலி, வாந்தி. விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றார். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். (ரங்கூன்)

இவர்களுக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்: இது பித்தம் இல்லை, கண்ணின் வடிகால் திடீரென்று அடைத்துக்கொண்டது. சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். மத்திய பர்மாவில் மெய்க்டிலா பக்கத்துக் கிராமங்களில் 40 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. அதில் ஏறக்குறைய பாதி இந்த அடைப்பு வகை. முதலில் மருந்தால் அழுத்தத்தை இறக்குவார்கள், அப்புறம் கருவிழிப் படலத்தில் லேசரால் சின்ன ஓட்டை போடுவார்கள். வலிக்காத மறு கண்ணுக்கும் போடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

நடவு முடிந்ததும் எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குணமாகி மூன்று மாதம். இப்போது இரண்டு கண்ணும் மங்கல், வெளிச்சம் கூசுகிறது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு போட்டால் சுகமாக இருக்கிறது. அதையே போடலாமா? (பெகு பக்கம்)

தம்பி, உங்கள் கதை மதுரையில் ஏற்கெனவே நடந்த கதை. 1993 கடைசியில் பெய்த மழையில் தென் தமிழ்நாடு வெள்ளக்காடானது. வெள்ளம் வடிந்த சில மாதங்களில், கண்ணுக்குள் வீக்கம் என்று அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். துருவிப் பார்த்தால் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா. காய்ச்சல் போனபின்பும் கண்ணுக்குள் வீக்கத்தை உண்டாக்கும் கிருமி அது. குதிரை டாக்டர்களுக்கு இது பழைய சங்கதி. குதிரைக்குக் கண் வீங்கும், தணியும், மறுபடி வீங்கும், கடைசியில் குருடாகும். நிலா வளர்வதும் தேய்வதும்தான் காரணம் என்று நினைத்து அந்தக் காலத்தில் 'நிலாக் குருடு' என்றார்கள். பிறகு அந்தக் குதிரைகளின் கண்ணுக்குள்ளிருந்தே லெப்டோஸ்பைராவை எடுத்துக் காட்டினார்கள்.

உங்களுக்குச் சுகம் கொடுக்கும் சொட்டு அநேகமாக ஸ்டீராய்டு. அட்டையில் 'டெக்ஸாமெத்தாசோன்' என்றோ 'பிரெட்னிசோலோன்' என்றோ இருக்கும். இந்த வீக்கத்துக்கு அது சரியான மருந்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாரக்கணக்கில் போட்டால் மூன்றில் ஒருவருக்குக் கண்ணில் பிரஷர் ஏறும், வலியே இல்லாமல். வீக்கத்தை ஆற்றப் போய்க் கிளாக்கோமாவை வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கடைக்காரரை விட்டுவிட்டு, கண் பிரஷர் அளக்கக் கருவி உள்ள இடத்துக்கு இந்த வாரமே போங்கள். அதுவரை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், வீக்கம் திரும்பிக்கொள்ளும்.

அடுத்த நடவுக்கு: பனாமா காட்டில் பயிற்சி எடுத்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரை விழுங்கியவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல், மருந்து விழுங்கியவர்களில் ஒருவருக்கு. சிப்பாய்க்குக் காடு மூன்று வாரம், உங்களுக்கு வயல் வருஷா வருஷம். எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தொடவே கூடாது. ரப்பர் பூட்ஸ் எல்லோருக்கும் ஆகும். கிருமி எலி மூத்திரத்தில் மட்டும் இல்லை, மாட்டு மூத்திரத்திலும் இருக்கும்.

வீட்டு நாய்க்குட்டி பையனைக் கடித்து 12 நாள். மூன்று ஊசி போட்டாச்சு. குட்டி துள்ளி விளையாடுகிறது. பாக்கி ஊசி? (தட்டோன்)

நிறுத்தலாம். கடித்த நாயோ பூனையோ கண்ணெதிரே பத்து நாள் ஆரோக்கியமாக இருந்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காணாமல் போன தெருநாய் என்றால் இந்தப் பதில் செல்லாது, எல்லா ஊசியும் போட்டே ஆக வேண்டும். கடிவாயில் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சோப்பும் தண்ணீரும், 15 நிமிஷம். குட்டிக்குத் தடுப்பூசி போட்டாச்சா? ஊர் நாய்களில் நூற்றுக்கு 70க்குப் போட்டால் ரேபிஸ் பரவ முடியாமல் நின்றுவிடும்.

மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி. பாலைக் குடிக்கலாமா?

மைத்துனர் சொல்கிறார்: இது மாடுகளுக்கு வரும் தோல் கட்டி நோய், மனிதருக்கு ஒட்டாது. பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம். மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் மட்டும், டாக்டர் சொல்லும் நாள்வரை கறந்து கொட்டிவிடுங்கள். ஈயும் கொசுவும் கடித்துப் பரப்புவதால் தொழுவத்தில் மூட்டம் போடுங்கள், கட்டி வராத மாடுகளுக்குத் தடுப்பூசி கேளுங்கள். அம்மை என்று வேப்பிலை கட்டுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மாட்டைக் கொண்டுபோய் அடுத்தவர் தொழுவத்தில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.