வாசகர் கேள்வி: கடைசி வருடத்தில் பாடத்தை இலேசாக்கலாமா?

பதில் எழுதுபவர்: கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற இணைந்த கணித ஆசிரியர்

கேள்வி: ஐயா, என் அண்ணன் குடும்பம் அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருக்கிறது. அண்ணன் மகள் வரும் செப்டெம்பரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். இதுவரை எல்லாப் பாடத்திலும் 'ஏ'. கடைசி வருடத்தில் கல்குலஸ் என்ற கணிதப் பாடத்தையும் பௌதிகவியலையும் விட்டுவிட்டு இலேசான பாடங்களை எடுத்தால் புள்ளி குறையாது என்கிறாள். பொறியியல் படிக்கத்தான் ஆசை. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கே விண்ணப்பிக்கப் போகிறாள். "சித்தப்பா சொன்னால் கேட்பாள், நீயே சொல்லு" என்கிறார் அண்ணன். எனக்கென்றால் பிள்ளை சொல்வது சரியாகத்தான் படுகிறது.
– விவசாயி ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: உங்களுக்கு அப்படிப் படுவதில் வியப்பில்லை. நாமெல்லாம் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியோடு பழகியவர்கள். ஒரு பாடத்தில் மற்றவர்களின் சராசரியிலிருந்து நம் பிள்ளையின் புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறது என்று கணக்கிட்டு, மூன்று பாடத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அலுவல் முடிந்தது. அதன்பிறகு அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளிதான் பேசும். ஒரு பாடத்தை ஏன் எடுத்தாய், ஏன் விட்டாய் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் யாரும் கேட்கப்போவதில்லை.

அங்கே கேட்பார்கள். போட்டி கடுமையான பல்கலைக்கழகங்களில் விண்ணப்பத்தை மனிதர்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த பாடங்களும் புள்ளிகளும் ஒரே தாளில் அவர்கள் முன் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் என்னென்ன படிக்கிறாள் என்பதை விண்ணப்பத்திலேயே நிரப்ப வேண்டும். பாடசாலையின் ஆலோசகர் தனியாக ஒரு படிவம் அனுப்புவார். அந்தப் பாடசாலையில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளை எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை என்று அடையாளமிட அதில் ஓர் இடம் இருக்கிறது. மூன்று வருடம் கடினமான பாடங்களாக எடுத்தவள் நான்காம் வருடம் கணிதத்தையும் பௌதிகவியலையும் கைவிட்டால், பொறியியல் ஆசை எவ்வளவு உண்மையானது என்ற கேள்விதான் முதலில் எழும். நீங்கள் வயல் செய்பவர். குடலைப் பருவத்தில் வாய்க்காலை மறித்துவிட்டு விளைச்சலைப் பற்றிப் பேசுவீர்களா?

இன்னொரு விடயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஏ.பி. என்று சொல்லப்படும் பாடங்கள் பல்கலைக்கழக முதலாண்டுத் தரத்தில் பாடசாலையிலேயே கற்பிக்கப்படுபவை. அவற்றின் பரீட்சை மே மாதத்தில். 1 முதல் 5 வரையான பெறுபேறு வருவது ஜூலையில். பல்கலைக்கழகங்களோ மார்ச் முடிவதற்குள் பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடுகின்றன. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு ஏ.பி. பரீட்சையில் அவள் 5 எடுத்தாலும் அனுமதிக்கு அது உதவப்போவதில்லை. உதவுவது, அந்தப் பாடம் பட்டியலில் இருப்பதும், வருட நடுவில் பாடசாலை அனுப்பும் புள்ளியும். முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முதல் கட்டம் நவம்பர் 1ஆம் திகதியளவில் முடிவதால், அந்த வழியில் போகிறவர்களுக்குப் பட்டியல்தான் கிட்டத்தட்ட எல்லாம்.

அமெரிக்காவின் பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. தன்னிடம் வர விரும்புவோருக்குக் கல்குலஸ் வரையிலான கணிதமும் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலும் நல்லது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே கல்குலஸையும் பௌதிகவியலையும் அவள் விடக்கூடாது என்பதே என் எண்ணம். அதற்காக அண்ணன் ஏழெட்டு ஏ.பி.யைப் பிள்ளையின் தலையில் கட்டவும் வேண்டாம். (என்னிடம் படித்துவிட்டு வெளிநாடு போனவர்களில் சிலருக்கு இந்த நோய் இருக்கிறது. நமக்கு இரவு பத்து மணியாகும்போது அவர்களுக்கு நண்பகல். சாப்பாட்டு இடைவேளையில் தொலைபேசி எடுத்து மகனின் பாடங்களை எண்ணிச் சொல்வார்கள்.) வரலாற்றையோ மொழியையோ சாதாரண நிலையில் படித்தால் குடி முழுகாது. கல்குலஸில் ஒரு 'பி' வந்தாலும் பரவாயில்லை. 'சி'யும் 'டி'யுமாக வரும் என்றால்தான் வேறு யோசிக்க வேண்டும்.

நீங்கள் அந்த வயதுப் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லத் தொடங்கினால் அவள் தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிடுவாள். ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "இந்தப் பாடங்களை எடுத்தால் உங்கள் ஆலோசகர் அந்தப் படிவத்தில் எதற்கு அடையாளமிடுவார்? கேட்டாயா?" நேர அட்டவணை முடிவாகும் முன்னர் அவள் ஆலோசகரிடம் போனால் போதும். அனுமதி கிடைத்தபின் அறிவிக்காமல் பாடத்தை மாற்றுவதும் படிப்பில் அசட்டையாக இருப்பதும் ஆபத்து. இறுதிப் புள்ளியும் அனுப்பப்படும், கொடுத்த இடத்தை மீளப் பெற்றுக்கொண்ட சம்பவங்கள் உண்டு. இதெல்லாம் கடும் போட்டியுள்ள இடங்களுக்கு மட்டும். அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோரை எடுத்துக்கொள்கின்றன என்பதையும் அண்ணனுக்குச் சொல்லுங்கள், இரவில் நித்திரை வரும்.

கேள்வி: நான் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவி. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்க விரும்புகிறேன். ஏ.பி. இல்லாமல் முடியாது என்று கனடாவிலுள்ள மச்சாள் சொல்கிறாள். உண்மையா?
– மாணவி, பரந்தன்

பதில்: இல்லை, பிள்ளை. உங்கள் பாடசாலையில் இல்லாத பாடத்தை நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கமாட்டார்கள். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் எந்தக் கண்ணுக்கும் கனமான பாடங்கள்தாம்.

உங்களுக்கு இடிக்கப்போவது வேறிடம். உங்கள் தவணை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இணைந்த கணிதம் 61, வகுப்பில் இரண்டாம் இடம் என்று இருந்தால் நமக்கு அது நல்ல புள்ளி. 90க்கு மேல்தான் 'ஏ' என்று பழகியவர் கண்ணில் அது தோல்விக்கு அடுத்த படி. உயர்தரத்தில் 75இலிருந்து 'ஏ', 65இலிருந்து 'பி', 55இலிருந்து 'சி' என்ற அளவை அதிபரின் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். இணைந்த கணிதத்துக்குள் வகையீடும் தொகையீடும், அதாவது அவர்களின் கல்குலஸ், இருக்கின்றன என்பதையும் ஒரு வரியில் சேர்க்கட்டும். பாடப்பெயரைப் பார்த்து அவர்களுக்கு அது விளங்காது. ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் சில தவணைகள் கழிந்திருந்தால் அதையும் எழுதலாம். பாடசாலைக்கு அவமானம் என்று அதிபர் தயங்குவார். அது உங்கள் புள்ளியின் பின்னணி, விடாதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பாராமல் அனுமதி கொடுத்து, தேவையான உதவியையும் தரும் இடங்கள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அமெர்ஸ்ட் என ஒரு சிலவே. அதனால் இங்குள்ள வாசலையும் திறந்தே வைத்திருங்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கடைசிப் பட்டியலில் கிளிநொச்சியும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமோ அறிவியல்நகரில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்.

கேள்வி: மகன் கணிதப் பிரிவை விட்டுக் கலைப் பிரிவுக்கு மாறப்போகிறானாம். இலேசாம். விடலாமா?
– தந்தை, ஒட்டுசுட்டான்

பதில்: கலைப் பிரிவு இலேசு என்று அவனுக்குச் சொன்னவர் அந்தப் பரீட்சையை எழுதியவராக இருக்கமாட்டார். என்ன பட்டம் படிக்க விரும்புகிறான் என்று கேளுங்கள். பொறியியல் என்றால் கலைப் பிரிவில் எவ்வளவு இசட் புள்ளி எடுத்தும் பயனில்லை. புவியியலோ வரலாறோ உண்மையில் பிடித்திருந்தால் தடுக்காதீர்கள். மாறுவதென்றால் இந்தத் தவணைக்குள் மாறட்டும். பிந்தினால் புதிய பாடங்களின் முதல் வருடப் பாடத்திட்டத்தை ரியூசனில்தான் தேட வேண்டிவரும், அதற்கு ஒட்டுசுட்டானிலிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.