கடும் கோடையில் சிறிய காய்கறித் தோட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

என்ன பயிர் வைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன் தண்ணீரை அளந்துவிடுங்கள். 200 லிட்டர் பீப்பாயை மோட்டார் எத்தனை நிமிடத்தில் நிரப்புகிறது என்று பார்த்தால் போதும். கோடை முற்ற முற்ற ஊற்று குறையும், அதனால் இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

செழித்து மண்ணை மூடிய பயிர், வெயிலும் காற்றும் சேர்ந்தடிக்கும் நாளில் சதுர மீட்டருக்கு 6 முதல் 8 லிட்டர் வரை இழுக்கும். 1,000 சதுர மீட்டருக்குத் தினம் 6,000 லிட்டராவது வேண்டும். கிணறு அதில் பாதிதான் தரும் என்றால் பாதி நிலத்தில் மட்டும் பயிர் வையுங்கள். மீதி சும்மா கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும்தான். ஆனால் எல்லாச் செடிக்கும் அரை வயிறு ஊற்றினால் எதுவும் உருப்படியாகக் காய்க்காது. காய்ப்பு ஓய்ந்த பாத்தியை நான் இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுவேன்.

அடுத்தது மூடாக்கு. வைக்கோலோ சருகோ, நாலு விரல் கனத்துக்குப் போடலாம். மண்ணை நன்றாக நனைத்த பிறகே போட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால், மேலே தெளிக்கும் தண்ணீரை வைக்கோலே குடித்துவிடும். சொட்டுநீர்க் குழாய் அதன் அடியில் ஓடினால் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வப்போது தூக்கிப் பாருங்கள்.

நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பதறி மோட்டார் போடாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் செடிக்குக் குறையில்லை. விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் வேருக்கு ஈரம் எட்டவில்லை என்று அர்த்தம். பாய்ச்சுவதற்கும் அந்த விடியல் நேரமே நல்லது.

தக்காளி பூ உதிர்கிறதே என்று உரமும் டானிக்கும் வாங்கி ஊற்றுகிறார்கள், வீண் செலவு. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப்போய்ப் பிஞ்சு பிடிக்காது. நிழல்வலை கொஞ்சம் உதவும். அந்த மாதங்களில் நான் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு பக்கம் போய்விடுவேன். கத்தரியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து விட்டால், வெயில் தணிந்ததும் துளிர்த்துக் காய்க்கும்.

இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய செம்பேன் வறண்ட வெயிலில் வேகமாகப் பெருகும். இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை தெரிந்தால் காலையில் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கண்ட பூச்சிமருந்தை அடித்தால் பேனைத் தின்னும் பூச்சிகள்தான் முதலில் சாகும், பேன் இன்னும் பெருகும்.