பந்து வராத பக்கம் பாருங்கள்

கேள்வி: நான் பின்தொடரும் அமெரிக்கக் கால்பந்துக் கல்லூரி அணியின் கார்னர்பேக் (பாஸ் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) இந்த சீசனில் 6 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறித்துப் பிடிப்பது) எடுத்திருக்கிறார். 40 யார்டை 4.4 நொடியில் ஓடுகிறார். ஆனாலும் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில், மூன்றாம் சுற்றில்தான் போவார் என்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?
– வாசகர், டல்லாஸ்

பதில்: இல்லை. இதைவிட நல்ல எண்களோடு வந்தவர் ஓக்லஹோமா ஸ்டேட்டின் ஜஸ்டின் கில்பர்ட். கடைசி கல்லூரி சீசனில் 7 இன்டர்செப்ஷன், ஓட்டம் 4.37 நொடி. 2014-ல் கிளீவ்லேண்ட் அணி அவரை எட்டாவது ஆளாக எடுத்தது. இரண்டே சீசனில் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிட்டது. என்.எஃப்.எல்.லில் அவர் எடுத்தது மொத்தம் ஒரே ஒரு இன்டர்செப்ஷன். ரிச்சர்ட் ஷெர்மனோ 4.56 நொடிக்காரர், ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து மாறியவர். 2011-ல் ஐந்தாம் சுற்றில், 154-வது ஆளாகத்தான் சியாட்டில் எடுத்தது. 2013-ல் 8 இன்டர்செப்ஷனோடு லீக்கிலேயே முதலிடம்.

இன்டர்செப்ஷன் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓக்லண்டின் நாம்டி அசோமுகா போதும். 2006-ல் 8 எடுத்தார். அடுத்த வருஷம் ஒன்று. ஆட்டம் கெட்டுப்போகவில்லை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள் பயந்துபோய் அவர் பக்கம் எறிவதையே குறைத்துவிட்டார்கள். உங்கள் ஆளுக்கு 6 கிடைத்தது என்றால், அவர் பக்கம் எத்தனை முறை எறிந்தார்கள்? அதில் எத்தனை பிடிபட்டன? நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று, கல்லூரி விதியும் என்.எஃப்.எல். விதியும் வேறு. கல்லூரியில் பந்து எறியப்படும் வரை ரிசீவரோடு உரசிக்கொண்டு போக கார்னர்பேக்குக்கு நிறைய இடம் உண்டு. என்.எஃப்.எல்.லில் 5 யார்டு தாண்டிக் கை வைத்து மறித்தால் நடுவரின் தண்டனைக் கொடி விழும். பந்து காற்றில் இருக்கும்போது ரிசீவரை இழுத்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு தண்டனை. என்.எஃப்.எல்.லுக்குப் போனால் தவறு நடந்த இடத்துக்கே பந்து போகும், அது 40 யார்டானாலும் சரி. கையை நம்பி ஆடுகிறவருக்கு முதல் வருஷமே நரகம். அதனால்தான் திறமை தேடுகிறவர்கள் இடுப்பையும் பாதத்தையும் பார்க்கிறார்கள்: பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பவர், ரிசீவர் வெட்டித் திரும்பிய கணத்தில் ஒரு அடிகூட வீணாக்காமல் திரும்புகிறாரா? கம்பைனில் (டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனை) நேர்கோட்டில் ஓடும் 40 யார்டு இதைச் சொல்லாது.

நிற்கும் இடமும் முக்கியம். கல்லூரி மைதானத்தில் ஹாஷ் கோடுகளுக்கு (பந்தை வைத்து ஆட்டம் தொடங்கும் பகுதியின் இரு ஓரக் குறிகள்) இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை அடிதான். கல்லூரியில் பந்து ஒரு ஓரமாக வைக்கப்படும்போது குறுகிய பக்கத்தில் நிற்கும் கார்னர்பேக்குக்கு எல்லைக்கோடே துணைக்கு வந்துவிடும். என்.எஃப்.எல்.லில் அந்தத் துணை குறைவு. உங்கள் ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார்?

டிவியில் இதெல்லாம் தெரியாதது உங்கள் குற்றமில்லை. ஸ்னாப் ஆன (பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கிய) இரண்டு நொடியில் கார்னர்பேக் பெரும்பாலும் திரையைவிட்டே போய்விடுகிறார், கேமரா பந்தோடு போகிறது. முழு மைதானமும் தெரியும் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள். இந்த சீசனில் அவர் எதிர்த்து நின்ற மிகச் சிறந்த ரிசீவர் யார், அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். மூன்றாம் சுற்று குறைவா, சரிதானா என்று அப்போது பேசுவோம்.